‘கிடைக்கவில்லை’ என்று கம்பைலர் சொன்னால்: விடுபட்ட சார்புகளால் வரும் பிழைகளை அறிகுறி கண்டு நீக்குதல்

வேறொருவர் எழுதிய மூலநிரலை இறக்கி முதல் முறையாகக் கம்பைல் செய்யும்போது, அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும்போது, திரையை நிறைக்கும் பிழைச்செய்திகள் பல, நிரலில் உள்ள தவறால் வருபவை அல்ல. அந்த நிரல் நம்பியிருக்கும் ஏதோ ஒரு லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு), தலைப்புக் கோப்பு (அந்த லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று அறிவிக்கும் ‘.ஹெச்’ கோப்பு) அல்லது துணைக்கருவி நம் கணினியில் இல்லாததாலோ, இருந்தும் தேடப்பட்ட இடத்தில் இல்லாததாலோ அவை வருகின்றன. டிபென்டன்சி என்று வழக்கில் சொல்லப்படும் இந்தச் சார்புகளைப் பொறுத்தவரை ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ‘கிடைக்கவில்லை’ என்று ஒரு கருவி சொன்னால், ‘நான் தேடிய இடங்களில், நான் தேடிய பெயரில் இல்லை’ என்பது மட்டுமே அதன் பொருள். கணினியிலேயே அது இல்லை என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. இதைக் கவனிக்காமல், செய்தியில் கண்ட பெயரை ஒத்த பேக்கேஜ்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவிப் பார்ப்பவர்கள், பழைய சிக்கலோடு ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் மோதிக்கொள்ளும் புதிய சிக்கலையும் தேடிக்கொள்கிறார்கள்.

ஆகவே எந்த அறிகுறியானாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: பேசுவது எந்தக் கருவி, அது எங்கே தேடியது? கட்டமைப்புக்கு முன் சூழலைச் சோதிக்கும் கான்ஃபிகர் அல்லது சிமேக் பேசுகிறதா, தலைப்புக் கோப்புகளைத் தேடும் கம்பைலர் பேசுகிறதா, கம்பைல் ஆன துண்டுகளோடு இணைக்க லைப்ரரிகளைத் தேடும் லிங்கர் பேசுகிறதா, அல்லது எல்லாம் முடிந்தபின் நிரலை இயக்கும்போது லோடர் பேசுகிறதா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். ஒரே லைப்ரரி இந்த நான்கு இடங்களிலும் நான்கு விதமாக ‘இல்லாமல்’ போகக்கூடும்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒரு சிறு ஒழுங்கு தேவை. முதல் பிழையை மட்டும் படியுங்கள். ஒரு தலைப்புக் கோப்பு கிடைக்காமல் போனதன் விளைவாகவே அடுத்த இருநூறு வரிகளும் வந்திருக்கலாம். கட்டுமானத்தை நடத்தும் மேக் என்ற கருவி பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும்போது செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், ‘மேக் -ஜே1’ என்று ஒற்றை வேலையாக ஓட்டினால்தான் எது முதலில் வந்தது என்பது தெரியும். சிமேக் உருவாக்கிய மேக்ஃபைல் (மேக் படிக்கும் விதிகளின் கோப்பு) என்றால் ‘வெர்போஸ்=1’ என்றும், ஆட்டோமேக் வழி வந்தது என்றால் ‘வி=1’ என்றும் சேர்த்து ஓட்டினால், கம்பைலருக்கு உண்மையில் கொடுக்கப்பட்ட முழுக் கட்டளை திரையில் வரும். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் செய்யும் ஊகங்கள் பெரும்பாலும் வீண்.

அறிகுறி: தலைப்புக் கோப்பின் பெயரோடு ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’

சி, சி++ திட்டங்களில் மிக அடிக்கடி காணப்படும் பிழை இதுதான். ‘ஃபேட்டல் எரர்: இஸட்லிப்.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்தால், லிங்கர் வரை விவகாரம் போகவே இல்லை; கம்பைலர் தன் தேடல் பாதையில் அந்தத் தலைப்புக் கோப்பைக் காணவில்லை, அவ்வளவுதான். ‘ஆனால் இஸட்லிப் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறதே’ என்பது உடனே எழும் மறுப்பு. டெபியன் என்ற லினக்ஸ் வகையிலும் அதை அடியொற்றிய உபுண்டுவிலும் ஒரு லைப்ரரி குறைந்தது இரண்டு பேக்கேஜ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நிரல்கள் ஓடுவதற்கு வேண்டிய பகுதி ஒன்றிலும், நிரல்களைக் கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் முதலியவை ‘-டெவ்’ என்று முடியும் இன்னொன்றிலும் இருக்கும். ஃபெடோராவிலும் அதன் உறவினங்களிலும் அந்தப் பின்னொட்டு ‘-டெவெல்’. ஆர்ச் லினக்ஸில் பொதுவாக இந்தப் பிரிப்பே கிடையாது. எனவே ஆர்ச் பயன்படுத்துபவர் எழுதிய நிறுவல் குறிப்பை உபுண்டுவில் அப்படியே பின்பற்றினால் பாதிப் பேக்கேஜ்கள் விடுபட்டுப் போகும்.

தலைப்புக் கோப்பின் பெயரும் பேக்கேஜின் பெயரும் ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘கர்ல்/கர்ல்.ஹெச்’ என்ற கோப்பு டெபியனில் ‘லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ்’ என்ற பேக்கேஜில் வருகிறது என்பதை யாரும் ஊகித்து அறிய முடியாது, ஊகிக்கவும் தேவையில்லை. டெபியன் குடும்பத்தில் ‘ஆப்ட்-ஃபைல் சர்ச்’, ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்’, ஆர்ச்சில் ‘பேக்மேன் -எஃப்’ ஆகிய கட்டளைகளுக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், இன்னும் நிறுவப்படாத பேக்கேஜ்களிலும் தேடி, எது அந்தக் கோப்பைக் கொண்டுவருகிறது என்று சொல்லிவிடும். ஆப்ட்-ஃபைல் முதல் முறை பயன்படுத்தப்படும்போது ‘ஆப்ட்-ஃபைல் அப்டேட்’ ஓட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் தேடுவதற்கு அதனிடம் பட்டியலே இருக்காது.

பேக்கேஜும் இருக்கிறது, கோப்பும் வட்டில் இருக்கிறது, ஆனாலும் அதே பிழை வருகிறது என்றால் தேடல் பாதையைப் பார்க்க வேண்டும். ஜிசிசி கம்பைலருக்கு ஒரு வெற்றுக் கோப்பைக் கொடுத்து ‘-இ -வி’ என்ற இரண்டு தெரிவுகளோடு ஓட்டினால், அது தேடும் கோப்புறைகளை வரிசையாக அச்சிடும். இதற்கு ஜிலிப் என்ற லைப்ரரி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ‘ஜிலிப்.ஹெச்’ என்ற கோப்பு நேராக ‘/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்’ கோப்புறையில் இல்லை, அதற்குள் ‘ஜிலிப்-2.0’ என்ற உட்கோப்புறையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து ‘-ஐ’ தெரிவால் அந்தக் கோப்புறையைச் சேர்த்தவுடன், அடுத்ததாக ‘ஜிலிப்கான்ஃபிக்.ஹெச்’ கிடைக்கவில்லை என்று பிழை வரும். இன்னொரு பேக்கேஜ் விடுபட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தேடி அலைபவர்கள் உண்டு. உண்மையில் அந்தக் கோப்பு கணினியின் செயலி வகைக்கேற்ப மாறுவது என்பதால், லைப்ரரிகள் இருக்கும் கோப்புறையின் கீழ் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கோப்புகளும் ஒரே டெவ் பேக்கேஜில்தான் வந்தன. லைப்ரரிகளின் பாதைகளைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவியிடம் ‘பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் ஜிலிப்-2.0’ என்று கேட்டால் இரண்டு பாதைகளையும் அதுவே தந்துவிடும். பாதைகளைக் கையால் அடுக்குவதும், அதைவிட மோசமாக, தலைப்புக் கோப்புகளைப் பிரதி எடுத்து ‘/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்’ கோப்புறையில் போடுவதும் அடுத்த புதுப்பிப்பில் வேறு உருவத்தில் திரும்பி வரும் பிழைகள்.

பைத்தானில் பேக்கேஜ் நிறுவும் ‘பிப் இன்ஸ்டால்’ கட்டளையை ஓட்டும்போது ‘பைத்தான்.ஹெச்’ கிடைக்கவில்லை என்று வருவதும் இதே வகையைச் சேர்ந்தது. நம்முடைய பைத்தான் பதிப்புக்கும் இயங்குதளத்துக்கும் பொருந்தும் வீல், அதாவது முன்கூட்டியே கட்டப்பட்ட பேக்கேஜ், வெளியிடப்படாததால் பிப் மூலநிரலிலிருந்து கட்ட முயல்கிறது. அதற்குப் பைத்தானின் தலைப்புக் கோப்புகள் வேண்டும். ‘பைத்தான்3-டெவ்’ நிறுவினால் பெரும்பாலும் தீரும். ஆனால் மெய்நிகர் சூழல் 3.11 பதிப்பில் இயங்கும்போது கணினியின் இயல்பான பைத்தானுக்குரிய டெவ் பேக்கேஜை நிறுவிப் பயனில்லை. பதிப்பு எண் பொருந்த வேண்டும். இன்னொன்று: ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற மாட்யூல் இல்லை என்று நின்றால் எந்த டெவ் பேக்கேஜும் உதவாது, ஏனெனில் 2023இல் வெளிவந்த பைத்தான் 3.12 அதை முற்றிலும் நீக்கிவிட்டது. அந்தப் பேக்கேஜின் புதிய பதிப்பைத் தேடுவதே அங்கு நேர்வழி.

ஆப்பிளின் மேக் கணினிகளில் சற்று வேறு கதை. 2018இல் வந்த மோஹாவே பதிப்பிலிருந்து ‘/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்’ கோப்புறையில் தலைப்புக் கோப்புகள் இயல்பாக வைக்கப்படுவதில்லை. அவை எக்ஸ்கோட் என்ற ஆப்பிளின் நிரலாக்கக் கருவித்தொகுப்பின் எஸ்டிகே உள்ளேதான் இருக்கின்றன. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் ‘இன்வேலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்’ என்று எல்லாமே நின்றுபோனால் ‘எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்’ ஓட்டினால் போதும். ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் நிறுவி மூலம் நிறுவப்படுபவை இன்டெல் கணினிகளில் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ கோப்புறையிலும், ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் ‘/ஆப்ட்/ஹோம்ப்ரூ’ கோப்புறையிலும் போய்ச் சேர்கின்றன. இரண்டாவதை க்ளாங் கம்பைலர் தானாகத் தேடுவதில்லை என்பதால், பழைய கணினியில் ஓடிய அதே மேக்ஃபைல் புதிய கணினியில் தலைப்புக் கோப்பைக் காணாமல் தவிக்கும்.

பிழையில் வரும் பாதை ‘தேர்ட்_பார்ட்டி’ அல்லது ‘எக்ஸ்டெர்னல்’ என்று தொடங்கினால், எந்தப் பேக்கேஜையும் நிறுவுவதற்கு முன் அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருந்தால், அந்தச் சார்பு கிட் சப்மாட்யூலாக, அதாவது களஞ்சியத்துக்குள் இன்னொரு களஞ்சியமாக, இணைக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் அதை இறக்கவில்லை என்று பொருள். ‘கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்’ என்ற ஒரே கட்டளை அதை நிரப்பும். கிட்ஹப்பிலிருந்து ஜிப் கோப்பாக மூலநிரலை இறக்கியவர்களுக்கு இந்தக் கட்டளையும் உதவாது. தானாக உருவாக்கப்படும் அந்த ஜிப்பில் சப்மாட்யூல்கள் அடங்குவதில்லை, கிட் வரலாறும் இருப்பதில்லை. க்ளோன் செய்துதான் ஆக வேண்டும். இந்தக் காலிக் கோப்புறைக்காக நானே ஒரு முறை அரைநாள் முழுவதும் பேக்கேஜ்களை நிறுவிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

கிடைக்காத கோப்பு ‘.பிபி.ஹெச்’ என்று முடிந்தால் அது எங்கிருந்தும் நிறுவப்படுவதில்லை. கட்டும்போதே ப்ரோட்டோக் என்ற கருவியால் உருவாக்கப்படுவது. இப்படி உருவாக்கப்படும் கோப்புகளில் ஒரு விசித்திரமான அறிகுறி உண்டு: முதல் முறை பிழை, மறுமுறை ஓட்டினால் தானே சரியாகிவிடும். கோப்பை உருவாக்கும் விதிக்கும் அதைப் பயன்படுத்தும் விதிக்கும் இடையிலான சார்பை மேக்ஃபைல் அறிவிக்கவில்லை, அதனால் இணையாக ஓடும் வேலைகளில் எது முந்துகிறது என்பது தற்செயலாகிவிட்டது என்பதே காரணம். மறுமுறை ஓடிவிட்டது என்று விட்டுவிடாமல் அந்த விதியைத் திருத்துவது நல்லது.

அறிகுறி: கம்பைல் தொடங்கும் முன்பே கான்ஃபிகர் அல்லது சிமேக் நின்றுவிடுதல்

முதலிலேயே நிற்பது உண்மையில் நல்ல செய்தி; திட்டத்தை எழுதியவர் தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ‘பேக்கேஜ் ஜிடிகே+-3.0 வாஸ் நாட் ஃபவுண்ட் இன் த பிகேஜி-கான்ஃபிக் சர்ச் பாத்’ என்று வந்தால், தேடப்படுவது ‘.பிசி’ என்று முடியும் சிறு உரைக்கோப்பு. அதுவும் டெவ் பேக்கேஜில்தான் வரும். நீங்களே மூலத்திலிருந்து கட்டி ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ போன்ற வேறிடத்தில் நிறுவியிருந்தால், அந்த இடத்தின் ‘பிகேஜிகான்ஃபிக்’ கோப்புறையைப் ‘பிகேஜி_கான்ஃபிக்_பாத்’ என்ற சூழல் மாறியில் சேர்க்க வேண்டும். ஒன்றின் .பிசி கோப்பு இன்னொன்றைக் கோரும்போது, ‘பேக்கேஜ் இது, ரிக்வயர்ட் பை அது, நாட் ஃபவுண்ட்’ என்று செய்தி வரும். நிறுவ வேண்டியது முதலில் சொல்லப்பட்டது. இரண்டாவது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அவசரத்தில் படிப்பவர்கள் இரண்டாவதையே மீண்டும் மீண்டும் நிறுவிக்கொண்டிருப்பார்கள்.

கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் திரையில் ஒரு வரியில் முடித்துக்கொள்ளும் காரணத்தை ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பு விரிவாக வைத்திருக்கும். லைப்ரரி இல்லை என்று திரை சொல்லும். அந்தக் கோப்பைத் திறந்தால், சோதனைக்காக எழுதப்பட்ட குட்டி நிரல் கம்பைல் ஆகாததற்கு உண்மையான காரணம் வேறொரு தலைப்புக் கோப்பு என்றோ, தவறான ஒரு தெரிவு என்றோ தெரியவரும். கோப்பின் இறுதியில் மாறிகளின் நீண்ட பட்டியல் இருக்கும் என்பதால், அடியிலிருந்து மேலே போகும்போது அதைத் தாண்டிச் சென்று பார்க்க வேண்டும்.

ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக் ஆகியவை அடங்கிய ஆட்டோடூல்ஸ் தொகுப்பைப் பயன்படுத்தும் திட்டங்களில் ‘சின்டாக்ஸ் எரர் நியர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்று வந்து, அந்த வரியில் ‘பிகேஜி_செக்_மாட்யூல்ஸ்’ என்ற சொல் அப்படியே நின்றால், அது ஷெல் பிழைபோலத் தோன்றினாலும் சார்புப் பிழைதான். ஆட்டோகான்ஃப் ஓடியபோது பிகேஜி-கான்ஃபிக் நிறுவப்பட்டிருக்கவில்லை. அதனால் அதன் மேக்ரோ விரிக்கப்படாமல் ஸ்கிரிப்டுக்குள் எழுத்தாகவே தங்கிவிட்டது. அதை நிறுவினால் மட்டும் போதாது, ‘ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ’ ஓட்டி ஸ்கிரிப்டை மீண்டும் உருவாக்க வேண்டும்.

சிமேக்கில் ‘குட் நாட் ஃபைண்ட் எ பேக்கேஜ் கான்ஃபிகரேஷன் ஃபைல்’ என்று வரும் செய்தி, எந்தப் பெயர்களில் கோப்பைத் தேடியது என்பதையும் சொல்கிறது. லைப்ரரி வழக்கமான இடத்தில் இல்லையென்றால் ‘சிமேக்_ப்ரிஃபிக்ஸ்_பாத்’ மாறியில் அதன் நிறுவல் வேரைக் கொடுக்கலாம். அதற்குமேல் கவனிக்க வேண்டியது சிமேக்கின் நினைவாற்றல். கிடைக்காமல் போனவற்றை அது அடுத்த முறை மீண்டும் தேடும். ஆனால் ஒருமுறை கிடைத்ததைச் ‘சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி’ கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு அதையே நம்பும். பழைய பதிப்பை நீக்கிப் புதியதை நிறுவிய பின்பும் பழைய பாதையையே அது பிடித்துத் தொங்குவது இதனால்தான். பில்ட் கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது எளிய வழி, 3.24 பதிப்பு முதல் ‘--ஃப்ரெஷ்’ என்ற தெரிவும் உண்டு.

அறிகுறி: லிங்கர் ‘கேனாட் ஃபைண்ட் -எல்’ என்று நிற்றல்

‘கேனாட் ஃபைண்ட் -எல்எஸ்எஸ்எல்’ என்பதில் ‘-எல்’ என்பதற்குப் பின்வரும் பகுதியே லைப்ரரியின் பெயர். லிங்கர் அதன் முன்னால் ‘லிப்’ என்றும் பின்னால் ‘.எஸ்ஓ’ அல்லது ‘.ஏ’ என்றும் சேர்த்துத் தேடுகிறது. கணினியில் ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3’ கண்ணெதிரே இருக்கும். ஆனால் லிங்கர் கேட்பது எண் இல்லாத ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ’. அந்த எண்ணில்லாப் பெயர் ஒரு சிம்லிங்க், அதாவது உண்மைக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி; அது டெவ் பேக்கேஜில் வருகிறது. அந்த சிம்லிங்கைக் கையால் உருவாக்கிப் பிரச்சினையைத் தீர்க்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் லிங்கர் அடங்கிவிடும், ஆனால் தலைப்புக் கோப்புகள் ஒரு பதிப்பாகவும் லைப்ரரி வேறு பதிப்பாகவும் அமைந்து, நிரல் ஓடும்போது காரணம் தெரியாமல் விழுந்துவிடும் வாய்ப்பு உண்டு.

அதே பிழைக்கு மேலே ‘ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். லைப்ரரி கிடைத்தது, ஆனால் அது 64 பிட்டுக்கானது, நீங்கள் 32 பிட்டுக்குக் கட்டுகிறீர்கள் என்றோ, வேறு செயலிக்கானது என்றோ அது சொல்கிறது. ‘-ஸ்டாட்டிக்’ தெரிவோடு ஃபெடோராவில் கட்டும்போது ‘கேனாட் ஃபைண்ட் -எல்சி’ என்று வந்து, சி லைப்ரரியே இல்லையா என்று திகைக்க வைப்பதும் உண்டு, அங்கே .ஏ கோப்புகள் ‘ஜிலிப்சி-ஸ்டாட்டிக்’ என்ற தனிப் பேக்கேஜில் இருக்கின்றன.

அறிகுறி: ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு’

இதுவே இந்த வரிசையில் மிகவும் குழப்பமானது, ஏனெனில் இதற்குக் காரணங்கள் பல. தலைப்புக் கோப்பு கிடைத்துவிட்டது. அதில் அறிவிக்கப்பட்ட ஃபங்ஷனின் உடல் எந்த லைப்ரரியிலும் கிடைக்கவில்லை. ஆகவே மீண்டும் டெவ் பேக்கேஜ் தேடிப் போவது இங்கே பொதுவாகப் பயன் தராது.

லைப்ரரியின் பெயரைச் சொல்லாமல் விட்டது முதல் காரணம். ‘மேத்.ஹெச்’ கோப்பைச் சேர்த்துவிட்டு ‘-எல்எம்’ கொடுக்காமல் போவது இதன் பழம்பெரும் வடிவம். த்ரெட் ஃபங்ஷன்களும் அப்படியே இருந்தன. 2021இல் வெளிவந்த ஜிலிப்சி 2.34 அவற்றைச் சி லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டதால், புதிய கணினியில் ‘-பித்ரெட்’ இல்லாமலே கட்டப்படும் திட்டம் பழைய சர்வரில் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று நிற்கும். அப்போது குறை பழைய சர்வரில் இல்லை, மேக்ஃபைலில் இருக்கிறது.

அடுத்த காரணம் வரிசை. .ஏ என்று முடியும் ஸ்டாட்டிக் லைப்ரரிகளை லிங்கர் இடமிருந்து வலமாக ஒரே முறை படிக்கிறது; அந்தக் கணம் வரை தேவைப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. லைப்ரரியின் பெயர் முன்னாலும், அதைப் பயன்படுத்தும் .ஓ கோப்பு (நம் நிரலின் கம்பைல் ஆன துண்டு) பின்னாலும் இருந்தால், படிக்கும் வேளையில் எதுவும் தேவைப்படாததால் ஒன்றும் எடுக்கப்படாது. உபுண்டு 11.10 பதிப்பிலிருந்து ‘--ஆஸ்-நீடட்’ என்ற தெரிவை லிங்கருக்கு இயல்பாகக் கொடுத்துவருவதால், .எஸ்ஓ என்று முடியும் ஷேர்டு லைப்ரரிகளுக்கும் அங்கே இந்த வரிசை முக்கியமாகிவிட்டது. பயன்படுத்துவது முன்னே, பயன்படுத்தப்படுவது பின்னே என்று அடுக்க வேண்டும். ‘டிஎஸ்ஓ மிஸ்ஸிங் ஃப்ரம் கமாண்ட் லைன்’ என்று வந்தால் இன்னும் எளிது: லைப்ரரி எது என்பதை லிங்கர் கண்டுபிடித்து அதே செய்தியில் பாதையோடு சொல்லியும்விட்டது, அதை நீங்கள் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது.

சி++ திட்டங்களில் பிழையில் வரும் பெயரின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். கிடைக்காத ஃபங்ஷனின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் அதன் உள்ளீட்டு வகைகளும் அச்சிடப்பட்டு, அந்த லைப்ரரியோ சி மொழியில் எழுதப்பட்டதாக இருந்தால், தலைப்புக் கோப்பு ‘எக்ஸ்டெர்ன் சி’ என்ற அறிவிப்பு இல்லாமல் சேர்க்கப்பட்டிருக்கிறது. பெயரில் ‘__சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற துண்டு இருந்தால், 2015இல் வந்த ஜிசிசி 5 ஸ்ட்ரிங், லிஸ்ட் ஆகியவற்றின் உள்ளமைப்பை மாற்றியதன் விளைவு அது. லைப்ரரி பழைய அமைப்பிலும் உங்கள் நிரல் புதிய அமைப்பிலும் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே கம்பைலரில், ஒரே அமைப்பில் கட்டுவதே தீர்வு. ஐயம் இருந்தால் ‘என்எம் -டிசி’ என்ற கட்டளைக்கு .எஸ்ஓ கோப்பைக் கொடுத்து, தேடும் பெயர் அதில் உண்மையிலேயே இருக்கிறதா, எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஊகத்துக்கு இடமே இருக்காது.

பெயர் அதில் இல்லவே இல்லை என்றால், பெரும்பாலும் தலைப்புக் கோப்பு ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ கோப்புறையில் உள்ள புதிய பதிப்பிலிருந்தும், லைப்ரரி ‘/யூஎஸ்ஆர்’ கோப்புறையில் உள்ள பழைய பதிப்பிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கும். க்யூடி என்ற சி++ லைப்ரரியைப் பயன்படுத்தும் திட்டங்களில் ‘விடேபிள் ஃபார்’ என்று தொடங்கும் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் மட்டும் இந்த விசாரணைக்கு வெளியே நிற்கிறது. அது சார்பு விடுபட்டதல்ல, எம்ஓசி என்ற முன்செயலி அந்தக் கோப்பின்மேல் ஓடவில்லை என்பதன் அடையாளம்.

விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ பயன்படுத்துபவர்கள் இதுவரை சொன்னவற்றை எண்களாகக் காண்பார்கள். சி1083 என்பது தலைப்புக் கோப்பு கிடைக்காதது, எல்என்கே1104 என்பது லைப்ரரிக் கோப்பைத் திறக்க முடியாதது, எல்என்கே2019 என்பது அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸின் மறுபெயர். எல்என்கே2038 வந்தால் லைப்ரரி கிடைத்துவிட்டது. டீபக், ரிலீஸ் போன்ற கட்டுமான அமைப்புகளில்தான் பொருத்தமின்மை.

அறிகுறி: கட்டி முடிந்தது, ஓடவில்லை

‘எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரிஸ்’ என்பது கம்பைல் பிழையல்ல, ஆனால் கட்டிய கையோடு வருவதால் அப்படித் தோன்றும். நிரல் கோரும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் ‘எல்டிடி’ கட்டளையில் ‘நாட் ஃபவுண்ட்’ என்று வரும் வரியைப் பாருங்கள். ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ கோப்புறையில் இப்போதுதான் நிறுவியது என்றால் ‘எல்டிகான்ஃபிக்’ ஒரு முறை ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அறிகுறி: ஜாவாவில் ‘பேக்கேஜ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’, மேவனில் ‘குட் நாட் ரிசால்வ் டிபென்டன்சீஸ்’

மேவன், ஜாவா திட்டங்களின் சார்புகளை இறக்கிக் கட்டும் கருவி. இவை இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது, அறிவிக்கப்பட்ட சார்பைக் களஞ்சியத்திலிருந்து இறக்க முடியவில்லை என்பது. முதலாவது, இறக்குவதெல்லாம் முடிந்து கம்பைலர் ஓடும்போது அந்த வகுப்பு கிளாஸ்பாத்தில், அதாவது வகுப்புகளைத் தேடும் பாதையில், இல்லை என்பது.

இறக்க முடியாததற்கு இணைய இணைப்பு, ப்ராக்ஸி, தவறாக எழுதிய பதிப்பு எண் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்பும் அதே பிழை நீடித்தால், மேவன் தன் தோல்வியையும் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு முறை கிடைக்காத சார்புக்கு ‘.லாஸ்ட்அப்டேட்டட்’ என்று முடியும் கோப்பை ‘.எம்2’ கோப்புறையில் எழுதிவைத்து, குறிப்பிட்ட காலம் கடக்கும்வரை மறுபடி கேட்காமலே ‘இல்லை’ என்று சொல்லும். ‘-யூ’ தெரிவு கொடுத்தால் மீண்டும் கேட்கும். பழைய திட்டங்களில் காரணம் முகவரியாகவும் இருக்கலாம். மேவனின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 முதல் பாதுகாப்பற்ற ஹெச்டிடிபி முகவரியில் வரும் கோரிக்கைகளை ஏற்பதில்லை; 2021இல் வந்த மேவன் 3.8.1 அத்தகைய வெளிக் களஞ்சியங்களை இயல்பாகவே தடுக்கிறது. ஜேசென்டர் என்ற களஞ்சியம் மூடப்படுவதாக 2021இல் அறிவிக்கப்பட்டதால், அதைக் குறிப்பிடும் கிரேடில் என்ற இன்னொரு கட்டுமானக் கருவியின் கோப்புகளையும் மேவன் சென்ட்ரலுக்கு மாற்ற வேண்டும்.

‘பேக்கேஜ் ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று வந்தால், நீங்கள் எதையும் அழித்துவிடவில்லை. 2018இல் வந்த ஜாவா 11 அதை ஜாவாவின் நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேயிலிருந்து நீக்கிவிட்டது. ஜாவா 8 காலத்துத் திட்டத்தைப் புதிய ஜேடிகேயில் கட்டும்போது அதைத் தனிச் சார்பாக அறிவித்தாக வேண்டும். அப்போது ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் பெயர்கள் ஜகார்த்தா இஇ 9 முதல் ‘ஜகார்த்தா’ என்று மாறிவிட்டன என்பதை மறந்து மிகப் புதிய பதிப்பை எடுத்தால், ஜார் (ஜாவா லைப்ரரிக் கோப்பு) இறங்கியிருந்தும் பிழை அப்படியே நிற்கும்.

ஜார் இருந்தும் வகுப்பு தெரியவில்லை என்றால் ஸ்கோப்பைப் பாருங்கள்: ‘டெஸ்ட்’ என்று குறிக்கப்பட்ட சார்பு முதன்மை நிரலுக்குத் தெரியாது. கிரேடிலில், நீங்கள் நேரடியாக அறிவிக்காமல் இன்னொரு லைப்ரரியின் வழியாகப் பெற்றுவந்த சார்பை, அந்த லைப்ரரி ‘ஏபிஐ’ என்பதிலிருந்து ‘இம்ப்ளிமென்டேஷன்’ என்று மாற்றினால், உங்கள் கம்பைலுக்கு அது மறைந்துவிடும். நேரடியாகப் பயன்படுத்துவதை நேரடியாக அறிவிப்பதே முறை. ‘எம்விஎன் டிபென்டன்சி:ட்ரீ’ அல்லது கிரேடிலின் ‘டிபென்டன்சீஸ்’ கட்டளை, எது யார் வழியாக வந்தது என்பதைக் கிளைப்படமாகக் காட்டும்.

அறிகுறி: கோ, ரஸ்ட், டைப்ஸ்கிரிப்ட் திட்டங்களில் மாட்யூல் இல்லை என்ற செய்தி

கோ மொழி இவற்றில் மிகவும் மரியாதையானது. ‘நோ ரிக்வயர்ட் மாட்யூல் ப்ரொவைட்ஸ் பேக்கேஜ்’ என்று சொல்லி, ஓட்ட வேண்டிய கட்டளையையும் தானே தந்துவிடுகிறது. 2021இல் வந்த 1.16 பதிப்பிலிருந்து கட்டும் கட்டளை ‘கோ.மாட்’ கோப்பைத் தானாகத் திருத்துவதில்லை என்பதால் ‘கோ மாட் டைடி’ ஓட்டுவது உங்கள் பொறுப்பு.

ரஸ்டில் பெயர் ‘-சிஸ்’ என்று முடியும் ஒரு க்ரேட்டில் (ரஸ்டின் பேக்கேஜ்) கட்டுமானம் நின்றால், அது வழக்கப்படி ஒரு சி லைப்ரரியின் மேலுறை. ‘ஓபன்எஸ்எஸ்எல்-சிஸ்’ தவறினால் ரஸ்டின் கட்டுமானக் கருவியான கார்கோவின் கோப்பில் தேட ஒன்றுமில்லை. ஓபன்எஸ்எஸ்எல் டெவ் பேக்கேஜும் பிகேஜி-கான்ஃபிக்கும் கணினியில் வேண்டும். ‘லிங்கர் சிசி நாட் ஃபவுண்ட்’ என்றால் ரஸ்ட் இருக்கிறது, சி கருவிகள் இல்லை. க்ரேட் இருந்தும் அதன் பகுதி ஒன்று மட்டும் இல்லையென்றால் அது ஃபீச்சர் விவகாரம்: செர்டே என்ற க்ரேட்டை ‘டிரைவ்’ ஃபீச்சர் இல்லாமல் சேர்த்துவிட்டு, ‘கேனாட் ஃபைண்ட் டிரைவ் மேக்ரோ சீரியலைஸ்’ என்ற செய்தியைக் கண்டு பதிப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

டைப்ஸ்கிரிப்டில் டிஎஸ்2307 வந்தால் மாட்யூலே கிடைக்கவில்லை; டிஎஸ்7016 வந்தால் மாட்யூல் இருக்கிறது, அதன் வகை அறிவிப்புகள்தான் இல்லை, பெரும்பாலும் ‘@டைப்ஸ்’ பேக்கேஜ் ஒன்று போதும். சர்வரில் மட்டும் ‘டிஎஸ்சி: நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் ‘நோட்_என்வி’ மாறியைப் பாருங்கள். அதில் ‘ப்ரொடக்‌ஷன்’ என்று இருந்தால், பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் கருவி டெவ்டிபென்டன்சீஸ் பகுதியை நிறுவாமல் விட்டுவிடும். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் வழக்கமாக அந்தப் பகுதியில்தான் இருக்கும்.

அறிகுறி: ஒருவர் கணினியில் ஓடுகிறது, மற்றவர் கணினியில் இல்லை

விண்டோஸும் மேக் கணினிகளும் இயல்பான அமைப்பில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் கண்டுகொள்கிறது. நிரலில் ஒரு விதமாகவும் கோப்பின் பெயரில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தால், எழுதியவரின் மேக் கணினியில் கட்டப்பட்டு, லினக்ஸில் ஓடும் சர்வரில் ‘கிடைக்கவில்லை’ என்று நிற்கும்.

சார்புகளின் துல்லியமான பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பு களஞ்சியத்தில் சேர்க்கப்படாமல் இருப்பது இன்னொரு காரணம். ஒவ்வொருவரும் நிறுவிய நாளைப் பொறுத்து ஒவ்வொரு பதிப்பு இறங்கியிருக்கும். லாக் கோப்பு இருந்தால், என்பிஎம்மில் ‘இன்ஸ்டால்’ என்பதற்குப் பதிலாக ‘சிஐ’ கட்டளையும், கார்கோவில் ‘--லாக்டு’ தெரிவும் அதிலுள்ள பதிப்புகளைத் துல்லியமாகப் பின்பற்றும்.

மூன்றாவதாக, ஓடுகிற கணினியில் எப்போதோ நிறுவப்பட்டு, யாருக்கும் நினைவில்லாத ஒரு டெவ் பேக்கேஜ் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க, வெறும் அடிப்படை இமேஜிலிருந்து ஒரு டாக்கர் கன்டெய்னரை, அதாவது கணினியின் மற்ற நிறுவல்கள் எதுவும் தெரியாத தனிச் சூழலை, தொடங்கி, திட்டத்தின் ரீட்மீயில் எழுதியிருப்பதை மட்டும் நிறுவிக் கட்டிப் பாருங்கள். இமேஜை உருவாக்கும்போது ‘அனேபிள் டு லொக்கேட் பேக்கேஜ்’ என்று வந்தால் பேக்கேஜ் இல்லாமல் போய்விடவில்லை; அந்த இமேஜில் பேக்கேஜ் பட்டியல் இன்னும் இறக்கப்படவில்லை, ‘ஆப்ட்-கெட் அப்டேட்’ கட்டளையை நிறுவல் கட்டளையோடு ஒரே வரியில் சேர்க்க வேண்டும். கன்டெய்னரில் எந்தப் பிழையில் நிற்கிறதோ, அதைத் தீர்க்கும் பேக்கேஜின் பெயரை அப்போதே ரீட்மீயில் எழுதிவிட்டு, கன்டெய்னரை அழித்து, மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். கையால் எதையும் சேர்க்காமல் கட்டி முடிக்கும்வரை இதைத் தொடர வேண்டும்.